48 நிமிடங்களில் ஒரு கொலை: மைக்கேல் பவலின் ‘ரைனாக்ஸ்’

கேள்வி இதுதான்: 1930களில் பிரிட்டனில் அவசர அவசரமாக, சொற்பச் செலவில் எடுத்துத் தள்ளிய துப்பறியும் படங்கள் எல்லாமே சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக எடுத்தவைதானா? மர்ம நாவலை வைத்து எடுத்தவற்றில் ஒன்றாவது இன்று உட்கார்ந்து பார்க்கத் தக்கதா? தக்கது என்பதே என் பதில். அதற்குச் சான்றாக நான் முன்வைப்பது 1931ஆம் ஆண்டு மைக்கேல் பவல் இயக்கிய ‘ரைனாக்ஸ்’. இந்தப் படத்தின் சிறப்பை அதன் மர்மத்தை மறைத்து வைத்துக்கொண்டு விளக்க முடியாது. ஆகவே கொலையின் ரகசியத்தை இந்தப் பதிலின் நடுப்பகுதியில் உடைத்துச் சொல்லியிருக்கிறேன். தாமாகவே கண்டறிய விரும்புவோர் படத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு படிப்பது நல்லது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1920களின் நடுவில் பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஓடிய படங்களில் பெரும்பான்மை அமெரிக்கப் படங்கள்; உள்நாட்டுப் படங்களின் பங்கு நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குச் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்ய 1927இல் சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்ஸ் சட்டம் வந்தது. படங்களை விநியோகிப்போர் தம் கையிருப்பில் ஒரு பங்கும், திரையரங்கு நடத்துவோர் தாம் காட்டுவதில் ஒரு பங்கும் பிரிட்டிஷ் படங்களாக வைத்திருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. தொடக்கத்தில் விநியோகஸ்தருக்கு 7.5 சதவீதம், திரையரங்குகளுக்கு 5 சதவீதம். ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் 20 சதவீதம் வரை உயரும் என்பது ஏற்பாடு. படம் இன்ன நீளம் இருக்க வேண்டும், சம்பளத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் குடிமக்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் வகுத்த சட்டம், ஒரு படத்துக்குக் குறைந்தது இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. பிந்தைய பத்தாண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு விடுபடலிலிருந்து கிளைத்ததுதான். சட்டம் அடி கணக்கில் அளந்தது. ஆகவே தயாரிப்பாளர்களும் அடி கணக்கில் விற்றார்கள். அடிக்கு ஒரு பவுன் (தங்கப் பவுன் அல்ல, பிரிட்டிஷ் நாணயமான பவுண்டு) என்பது அன்று எல்லோரும் அறிந்த விலை. ஒதுக்கீட்டை நிரப்ப அவசரமாக எடுத்தவை என்ற பொருளில் இந்தப் படங்களுக்கு ‘கோட்டா குவிக்கி’ என்று பெயர் விழுந்தது.

அடிக்கு ஒரு பவுன் என்றால் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் நிலைமை உறைக்கும். 35 மில்லிமீட்டர் பேசும்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 48 நிமிடப் படம் ஏறத்தாழ 4,300 அடி. அந்த விலையில் சுமார் 4,300 பவுன். அதற்குள் ஸ்டுடியோ வாடகை, நடிகர் சம்பளம், ஃபிலிம் விலை, கதை உரிமை, தயாரிப்பாளரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். ‘ரைனாக்ஸ்’ துல்லியமாக இத்தனை பவுனில் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அது பிறந்த சந்தையின் கணக்கு இது. இப்படிப்பட்ட கணக்கில் ஒரு நாள் கூடுதலாகப் படப்பிடிப்பு நடத்தினாலும் லாபம் கரைந்துபோகும். ஒரு காட்சியை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்பது கலை சார்ந்த முடிவாக இருக்கும்போதே கணக்குப் பிள்ளையின் முடிவாகவும் இருந்தது.

இந்த நிலையில் தயாரிப்பாளர்கள் மர்ம நாவல்களை நாடியதில் வியப்பில்லை. கதை ஏற்கெனவே எழுதி, திருத்தி, வாசகரிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கொலை நடப்பது ஒரு அறைக்குள். விசாரணை நடப்பது இன்னொரு அறைக்குள். போர்க்களமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அதைவிட முக்கியமாக, துப்பறியும் கதைக்கு அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் பெரும் மவுசு இருந்தது. காலின்ஸ் பதிப்பகம் ‘கிரைம் கிளப்’ என்ற தன் புகழ்பெற்ற வரிசையைத் தொடங்கியதும் 1930இல்தான். ஆனால் மலிவாக எடுக்க முடிகிறது என்பதே அந்தப் படங்களின் நோயாகவும் ஆனது. நாவலில் வாசகனின் மனம் செய்யும் வேலையை, திரையில் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசும் மனிதர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசிச் சுருளில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் விளக்கி முடிப்பார். அந்த வகையில் பெரும்பாலானவை மறக்கப்பட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

‘ரைனாக்ஸ்’ வேறுபடும் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் நாவலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதியவர் பிலிப் மெக்டொனால்ட். ஆந்தனி கெத்ரின் என்ற துப்பறிவாளரைப் படைத்துப் பெயர் வாங்கியவர். ஆனால் 1930இல் வெளிவந்த இந்த நாவலில் கெத்ரின் இல்லை, மையமான துப்பறிவாளர் என்று ஒருவரே இல்லை எனலாம். அமைப்பே விசித்திரமானது. நாவல் முடிவுரையில் தொடங்கி முன்னுரையில் முடிகிறது. முதல் பக்கங்களில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைவருக்கு மூட்டை மூட்டையாகப் பணநோட்டுகள் வந்து சேர்கின்றன. அனுப்பியவர் யார், எதற்காக என்று அவருக்கு ஒன்றும் புரிவதில்லை. அதன்பின் கதை பின்னோக்கிப் போகிறது. இடையிலுள்ள பகுதிகளை மெக்டொனால்ட் அத்தியாயங்கள் என்று அழைக்காமல், ஒன்றாம் ரீல், இரண்டாம் ரீல் என்றும், அவற்றுக்குள் காட்சித் தொடர்கள் என்றும் பிரிக்கிறார். அதாவது, யாரும் படமாக்க முன்வருவதற்கு முன்பே அந்த நாவல் தன்னைப் படமாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அவர் அடுத்த ஆண்டே ஹாலிவுட்டுக்குப் போய் நெடுங்காலம் திரைக்கதை எழுதினார் என்பதையும், ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வின் தழுவலில் அவர் பெயர் இருப்பதையும் நினைத்தால் இது தற்செயல் என்று தோன்றாது.

கதை இது. எஃப்.எக்ஸ். பெனடிக் ‘ரைனாக்ஸ்’ என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர். எல்லோருக்கும் பிடித்த மனிதர். நிறுவனம் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பணமுடையில் திணறுகிறது. கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தால் தலைநிமிர்ந்துவிடும், அந்தக் கொஞ்ச காலத்துக்குத்தான் வழியில்லை. இன்னொரு புறம் பாஸ்வெல் மார்ஷ் என்று ஒருவன். போகும் இடமெல்லாம் சண்டை, கத்தல், மரியாதையில்லாத பேச்சு. கடைக்காரர், அலுவலக ஊழியர் என்று அவனைச் சந்தித்த யாரும் அவனை மறக்கமாட்டார்கள். பெனடிக் தனக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சொல்லி மிரட்டல் கடிதம் அனுப்புகிறான். பிறகு பெனடிக் தன் வீட்டில் சுடப்பட்டு இறந்துகிடக்கிறார். மார்ஷைக் காணோம். கொலைகாரன் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவன் எங்கே போனான் என்பதுதான் கேள்வி. காப்பீட்டு நிறுவனம் பெருந்தொகையைக் கொடுக்கிறது, ரைனாக்ஸ் பிழைத்துக்கொள்கிறது. உண்மையைப் பின்னர் கண்டடைபவர் பெனடிக்கின் மகன் டோனி.

அந்த உண்மை: மார்ஷ் என்று ஒருவன் இல்லவே இல்லை. பெனடிக்தான் மாறுவேடத்தில் மார்ஷாக ஊர் முழுக்க அலைந்து, வேண்டுமென்றே எல்லோரிடமும் பகையைச் சம்பாதித்து, தனக்குத் தானே மிரட்டல் கடிதம் எழுதி, தன் தற்கொலையைக் கொலையாகக் காட்டி ஏற்பாடு செய்தவர். முதல் பக்கத்தில் வந்த பணமூட்டைகளின் பொருள் அப்போதுதான் விளங்குகிறது: நிமிர்ந்துவிட்ட நிறுவனம், ஏமாற்றிப் பெற்ற தொகையைச் சத்தமின்றித் திருப்பிக் கொடுத்துவிட்டது.

படமாக்குபவருக்கு இங்கேதான் கத்திமுனை. நாவலில் ‘மார்ஷ்’ என்று ஐந்து ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால் அது ஒரு மனிதன். ‘பெனடிக்’ என்று எழுதினால் வேறொரு மனிதன். வாசகனுக்கு முகம் தெரியாது, குரல் கேட்காது. திரையில் அப்படியில்லை. இருவரையும் ஒரே நடிகர் நடித்தால் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நடிகர்களைப் போட்டால் அது பச்சையான மோசடி, கடைசியில் உண்மை வெளிப்படும்போது யாரும் ஏற்கமாட்டார்கள். தாராளமாகச் செலவழிக்க முடிந்திருந்தால் ஒப்பனையில் இறங்கியிருப்பார்கள். (இதே எழுத்தாளரின் இன்னொரு நாவலான ‘த லிஸ்ட் ஆஃப் ஏட்ரியன் மெசஞ்சர்’ 1963இல் ஜான் ஹஸ்டன் கையில் படமானபோது, புகழ்பெற்ற நட்சத்திரங்களின் முகங்களைக் கனத்த ஒப்பனையில் புதைப்பதே படத்தின் விளம்பரமாக இருந்தது.) பவலிடம் அதற்கெல்லாம் காசும் இல்லை, நாளும் இல்லை.

அவர் ஒரே நடிகரையே நம்பினார். மார்ஷ், பெனடிக் இரண்டு வேடங்களையும் ஏற்றவர் ஸ்டூவர்ட் ரோம். ரோமுக்குப் பவல் கொடுத்த வேலை உருவத்தை மறைப்பது அல்ல, நடத்தையைப் பெரிதாக்குவது. மார்ஷின் கூச்சலும் முரட்டுத்தனமும் திரையை நிறைத்துவிடுவதால், நாம் அந்த மனிதனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் செய்யும் அடாவடியைப் பார்க்கிறோம். அவனை எதிர்கொள்ளும் ஊழியர்களுக்கும் அதே கதிதான். பின்னாளில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் அவர்கள் நினைவில் நிற்பது அவமானம்தான், அங்கமச்சம் அல்ல. பெனடிக்கின் திட்டமும் அதுவே என்பது எனக்கு மிகவும் பிடித்த இணைவு. கதைக்குள் பெனடிக் சாட்சிகளை ஏமாற்றும் அதே உத்தியால் படம் நம்மை ஏமாற்றப் பார்க்கிறது. செலவில்லாத தீர்வு என்பதால் மட்டும் இதைப் புகழவில்லை. கதையின் உள்ளிருந்து எடுத்த தீர்வு என்பதால் புகழ்கிறேன். இன்றைய பார்வையாளர் பலர் ரகசியத்தை முன்பே ஊகித்துவிடுவார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊகித்த பிறகும் படம் சுவை குன்றுவதில்லை. ஒரு கனவான் தன்னை வெறுக்கத்தக்கவனாக மாற்றிக்கொள்ள எவ்வளவு உழைக்கிறார் என்று பார்ப்பதற்கு அது வேறொரு படமாகிவிடுகிறது.

பேசும்படம் வந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் என்பதும் இங்கே உதவியது என நினைக்கிறேன். மேடையிலிருந்து வந்த நடிகர்கள் உரக்கப் பேசுவதும் கையை வீசி நடிப்பதும் அன்றைய பார்வையாளருக்குப் பழகிப்போன ஒன்று. மார்ஷின் மிகை நடிப்பு ‘இவன் நடிக்கிறான்’ என்ற சந்தேகத்தை அன்று எழுப்பியிருக்காது. ‘இந்த நடிகர் இப்படித்தான்’ என்றே கடந்து போயிருப்பார்கள்.

பவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னாளில் எமெரிக் பிரெஸ்பர்கருடன் சேர்ந்து ‘த ரெட் ஷூஸ்’ போன்ற படங்களைத் தந்து, பிரிட்டிஷ் சினிமாவின் தலைசிறந்த பெயர்களில் ஒன்றாக ஆனவர், 1931இல் இருபத்தாறு வயது இளைஞர். வங்கி வேலையை விட்டுவிட்டு, பிரான்சின் நீஸ் நகரில் ரெக்ஸ் இங்கிராமின் மௌனப்பட ஸ்டுடியோவில் எடுபிடி வேலையிலிருந்து தொழில் கற்றவர். லண்டனில் ஹிட்ச்காக்குக்கு நிழற்படங்கள் எடுத்துக் கொடுத்தவர். அமெரிக்கரான ஜெரோம் ஜாக்சன் என்ற தயாரிப்பாளருடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கி, 1931 முதல் 1936 வரை இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களை அவர் இயக்கினார். அவற்றில் பல இன்று இல்லை. மெக்டொனால்டின் முதல் கெத்ரின் நாவலான ‘த ராஸ்ப்’பைக் கூட அவர் படமாக்கினார், அந்தப் படம் தொலைந்துபோனது. பவல் இயக்கியவற்றில் பிழைத்திருக்கும் மிகப் பழைய படம் ‘ரைனாக்ஸ்’. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் காப்பகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன்களில் இதுவும் ஒன்று.

பவலின் அக்காலப் படங்கள் சிலவற்றின் களமான வால்டன்-ஆன்-தேம்ஸ் ஸ்டுடியோவுக்கும் ஒரு கதை உண்டு. செசில் ஹெப்வொர்த் பிரிட்டிஷ் சினிமாவின் தொடக்க நாள்களில் நடத்திய இடம் அது. ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ என்ற புகழ்பெற்ற நாய்ப்படம் 1905இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஹெப்வொர்த் 1924இல் திவாலானார். பிறகு நெட்டில்ஃபோல்டு என்பவர் கைக்கு அந்த ஸ்டுடியோ போனது. ‘ரைனாக்ஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி ஃபெய்த்ஃபுல் சிறுவயதில் ஹெப்வொர்த்திடம் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்டூவர்ட் ரோம் ஹெப்வொர்த்தின் மௌனப்பட நட்சத்திரம். 1910களில் பிரிட்டிஷ் பார்வையாளருக்கு மிகவும் பழக்கமான முகங்களில் ஒன்று. மலிவுப்படம் என்றால் ஆளில்லாத படம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், பேசும்படம் ஒதுக்கித் தள்ளிய தேர்ந்த கைகள் பலவற்றுக்கு இந்தப் படங்களே அடைக்கலம் கொடுத்தன. ஒளிப்பதிவில் கூட இருந்த ஆர்தர் கிராண்ட் பின்னாளில் ஹேமர் நிறுவனத்தின் திகில் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். டோனியாக நடித்த ஜான் லாங்டன், ஹிட்ச்காக்கின் ‘பிளாக்மெயில்’ படத்தில் துப்பறிவாளராக வந்தவர். சிறு வேடத்தில் தோன்றும் லெஸ்லி மிட்செல், 1936இல் பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அறிவிப்பாளராக ஒலித்த குரலுக்குச் சொந்தக்காரர்.

கதையின் அச்சாணியான காப்பீட்டு மோசடியைச் சிலர் ‘நாவல்காரரின் கற்பனை’ என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. அன்று இங்கிலாந்தில் தற்கொலை ஒரு குற்றம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. நாவல் வெளிவந்து நான்கே ஆண்டுகளில், 1934 ஆகஸ்ட் மாதத்தில், கடனில் மூழ்கிய ஒரு ராணுவ மேஜர், 50,000 பவுன் ஆயுள் காப்பீடு காலாவதியாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் லண்டனில் ஒரு டாக்சிக்குள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். கடன்காரர்களுக்குப் பணம் போய்ச் சேரட்டும் என்பது அவர் எண்ணம். பெரெஸ்ஃபோர்ட் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் அந்த வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. குற்றச் செயலால் விளைந்த தொகையைக் கோர முடியாது என்று 1938இல் தீர்ப்பானது. பெனடிக் ஏன் வெறுமனே இறந்துபோகாமல் ‘கொல்லப்பட’ வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. 1929இன் பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு, 1931 செப்டம்பரில் பிரிட்டன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்திருந்த தங்க மதிப்பு முறையைக் கைவிட்ட அதே ஆண்டில், திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நல்ல நிறுவனம் கொஞ்ச நாள் பணமில்லாமல் சாவது என்பது வெறும் கதையாகத் தோன்றியிருக்காது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டோனிக்கும் அவன் காதலிக்கும் இடையிலான காட்சிகள், படத்துக்கு இளம் ஜோடி ஒன்று தேவை என்பதற்காக நுழைத்தவை போல இருக்கின்றன. டொரதி பாய்ட் போன்ற நல்ல நடிகைக்கு அங்கே வேலையே இல்லை. உரையாடல் நீளும் இடங்களில் படம் மற்ற கோட்டா படங்களைப் போலவே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, நாவலின் தலைகீழ் வரிசை. பணமூட்டைகளை முதலில் காட்டிவிட்டுக் காரணத்தைக் கடைசியில் சொல்வதில், வாசகன் நாவல் முழுவதும் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டே நடக்கிறான். படம் நேர்வரிசையைத் தேர்ந்துகொண்டதால் அந்தச் சுமை இல்லை. கொலைக்குப் பின் வரும் பகுதியில் கதையின் இழுவிசை தளர்கிறது. 48 நிமிடத்தில் பின்னோக்கிச் சொன்னால் பார்வையாளர் குழம்பிவிடுவார் என்ற அச்சம் அன்று நியாயமானதே. ஆனாலும், தன்னைப் படச்சுருளாக வடிவமைத்துக்கொண்ட ஒரு நாவலின் மிகத் துணிச்சலான சினிமா உத்தியைப் படம் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சட்டம் என்ன ஆனது என்று கேட்கலாம். 1938இல் புதிய சட்டம் வந்தது. அடிக்கு ஒரு பவுன் என்ற அளவிலும், ஒரு படத்துக்குக் குறைந்தது 7,500 பவுன் என்ற அளவிலும் கூலிச்செலவு செய்தால்தான் படம் கணக்கில் சேரும் என்று அது நிர்ணயித்தது. முன்பு ஒரு சிறு படத்தின் மொத்த விலையாக இருந்த தொகை, இப்போது கூலிக்கே போதாது என்றானது. பழைய பாணிக் குவிக்கிகள் அத்தோடு ஓய்ந்தன. பவல் அதற்குள் வெளியேறிவிட்டார். ஸ்காட்லாந்துத் தீவொன்றில் அவர் எடுத்த ‘த எட்ஜ் ஆஃப் த வேர்ல்ட்’ 1937இலேயே வெளிவந்திருந்தது.

கடைசியாக, எந்த வரிசையில் அணுகுவது என்பது பற்றி. இந்தப் பதிலை இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ரகசியம் தெரிந்துவிட்டது. ஆகவே அவர்கள் படத்தை முதலில் பார்க்கலாம். பார்க்கும்போது மார்ஷ் வரும் காட்சிகளில் மார்ஷைப் பார்க்காமல், அவனுக்கு எதிரே நிற்கும் ஊழியர்களின் முகங்களைக் கவனிக்க வேண்டுகிறேன். இரண்டு மூன்று நிமிடமே வந்து போகும் நடிகர்கள். ஆனால் பெனடிக்கின் திட்டம் வெல்லுமா தோற்குமா என்பது அவர்களின் எரிச்சலைப் பொறுத்தே இருக்கிறது, அதைப் பவல் அறிந்திருந்தார். அதன்பின் நாவலை எடுத்து, ஆசிரியர் சொன்ன ஒழுங்கிலேயே, முடிவுரையிலிருந்து தொடங்கிப் படிக்கலாம். ரகசியம் தெரியாத நண்பருக்குப் பரிந்துரைப்பதானால் இதை மாற்றி, நாவலை முதலில் கொடுங்கள். பணமூட்டைகளின் புதிரோடு அவர் சில நாள் இருக்கட்டும்.